கழிவெளியில் ஒரு சாண் தண்ணீர்

அக்டோபர் பிறந்துவிட்டால் சென்னையில் ஏதாவது ஒரு வீட்டில் இது நடந்துவிடும். விடியற்காலையில் பால்கனிக் கதவைத் திறப்பவரின் காலடியில், துணிக்கொடிக்குக் கீழே, மைனாவைவிடச் சற்றே சிறிய பறவை ஒன்று உடம்பைப் பந்தாகச் சுருட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். முதுகு பச்சை. இறக்கையில் ஒரு கீற்று நீலம். கண்ணுக்குக் குறுக்கே கறுப்புப் பட்டை, அடிவயிற்றில் குங்குமச் சிவப்பு. வால் என்று சொல்லிக்கொள்ள ஒரு துண்டுதான். யாரோ கூண்டில் வளர்த்தது தப்பி வந்துவிட்டது என்று வீட்டார் முடிவுகட்டுவார்கள். இத்தனை நிறத்தோடு ஒரு பறவை தானாகவே பெருங்குடியிலோ பெரம்பூரிலோ வந்து இறங்கும் என்று யார் நினைப்பார்கள்? அரிசி வைப்பார்கள், தொடாது. குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் படம் போகும், அங்கிருந்து இன்னொரு குழுவுக்குப் போகும். பத்து நிமிடத்தில் பதில் வந்துவிடும்: “ஆறுமணிக்குருவிங்க. பயப்படாதீங்க. காத்து போற மாதிரி ஓட்டை போட்ட அட்டைப்பெட்டியில இருட்டா வைங்க. சாயந்தரம் மரம் இருக்கிற இடமாப் பாத்து விட்டுடுங்க.”

காலை ஆறு மணிக்கும் மாலை ஆறு மணிக்கும் விசிலடிப்பதுபோலக் கூப்பிடுவதால் அந்தப் பெயர். இமயமலை அடிவாரத்திலும் மத்திய இந்தியக் காடுகளிலும் இனப்பெருக்கம் செய்துவிட்டு, குளிர்காலத்தைக் கழிக்கத் தென்னிந்தியாவுக்கும் இலங்கைக்கும் வருகிற பறவை இது. பறப்பதைவிடத் தரையில் தத்தித் தத்திப் போவதில்தான் தேர்ச்சி. ஆனாலும் ஆண்டுக்கு இருமுறை, இரவோடு இரவாக, நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் பறந்தாக வேண்டும். களைத்து இறங்கும் நேரத்தில் கீழே காடு இருக்காது. விளக்கும் கண்ணாடியும் சுவரும்தான் இருக்கும். முட்டிக்கொண்டு விழுவது அப்படித்தான்.

தப்பிப் பிழைத்தவை கிண்டி தேசியப் பூங்கா, ஐஐடி வளாகம், அடையாறு பிரம்மஞான சபைத் தோட்டம் போன்ற இடங்களில் ஏப்ரல் வாக்கில் திரும்பிப் போகும்வரை தங்கிவிடும். அவற்றுக்கு வேண்டியது ஒன்றே ஒன்று: மரத்தடியில் கிடக்கும் சருகு. அலகால் ஒவ்வோர் இலையாகப் புரட்டிப் புழுவையும் பூச்சியையும் பொறுக்கித் தின்னும். சென்னையில் சருகு என்றால் குப்பை. காலை ஐந்தரைக்கே சீமாறு அதைக் கூட்டிவிடும், ஆறு மணிக்குள் ஒரு மூலையில் குவித்துத் தீ வைத்தாகிவிடும். அதாவது ஆறுமணிக்குருவி சாப்பிட உட்காரும் வேளையில் அதன் இலையை எடுத்துவிடுகிறார்கள்.

பெருநகரத்தில் பறவைப் பாதுகாப்பு என்கிற பேச்சை இங்கிருந்து தொடங்குவதுதான் சரி. ஏனென்றால் நம்மில் பெரும்பாலோருக்குப் பறவை என்பது காரெடுத்துக்கொண்டு போய்ப் பார்க்க வேண்டிய ஒன்று. டிசம்பர் விடுமுறையில் வேடந்தாங்கல். பிள்ளைகளுக்குக் கூழைக்கடாவைக் காட்டிவிட்டு, வழியில் டிபன் சாப்பிட்டுவிட்டுத் திரும்பினால் அந்த ஆண்டுக்கான இயற்கைக் கணக்கு முடிந்தது. வேடந்தாங்கலின் பெருமை உண்மையான பெருமைதான். பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியிலேயே செங்கல்பட்டு ஆட்சியர் லயனல் பிளேஸ் அந்த ஏரியின் பறவைகளுக்குப் பாதுகாப்பு அளித்தார். எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரம் என்பது தெரிந்த ஊர்க்காரர்கள் அதற்கு முன்பிருந்தே அவற்றைக் காத்துவந்தார்கள். ஆனால் வேடந்தாங்கல் ஏரியில் கூடுகட்டும் அதே நத்தைகுத்தி நாரையும் அரிவாள் மூக்கனும் கூழைக்கடாவும் சென்னை மாநகராட்சி எல்லைக்குள்ளேயே இரை தேடுகின்றன. அங்கே அவை விருந்தாளிகள், இங்கே அவை இருக்கும் இடம் ‘காலி மனை’. இந்தக் கட்டுரைக்கு வழக்கு என்று ஒன்று உண்டென்றால் அது இந்தச் சொல்லோடுதான்.

காலி இல்லை என்று தெரிந்தவர்கள் இந்த ஊரில் எப்போதும் இருந்திருக்கிறார்கள். மயிலாப்பூரில் குடியிருந்துகொண்டு, காக்கையையும் அணிலையும் வீட்டுக் கூரைமேல் நடக்கும் சண்டைகளையும் உற்றுப்பார்த்து எழுதியவர் மா. கிருஷ்ணன். கல்கத்தாவின் ஸ்டேட்ஸ்மன் நாளிதழில் அவர் 1950இல் தொடங்கிய பத்தி, 1996 பிப்ரவரியில் அவர் இறந்த நாள்வரை வந்தது. நாற்பத்தாறு ஆண்டுகள்! காட்டானைகளைப் படமெடுக்கக் காடு காடாக அலைந்த மனிதர், தெருவோர மரத்துக் குயிலையும் அதே மரியாதையோடு பார்த்தார். அவரது தமிழ்க் கட்டுரைகளைத் தியடோர் பாஸ்கரன் தொகுத்த நூலுக்கு வாய்த்த பெயரே ‘மழைக்காலமும் குயிலோசையும்’. 1978இல் மெட்ராஸ் இயற்கையாளர் சங்கம் தொடங்கப்பட்டது. கிண்டியின் 2.7 சதுர கிலோமீட்டர் காடு தேசியப் பூங்காவானதும் அதே ஆண்டுதான். எண்பதுகளில் பறவையியலாளர் வி. சாந்தாராம் அடையாறு முகத்துவாரத்துக்கு விடாமல் போய், வந்தது எது, வராதது எது என்று குறித்து வைத்தார். அப்போது முகத்துவாரம் பேருந்தில் போய் இறங்கிப் பார்க்கக்கூடிய வலசைப் பறவைத் தலமாக இருந்தது. இன்று பாலத்தில் நின்று எட்டிப்பார்ப்பவருக்குச் சாக்கடைக் கறுப்பும் நடுவே சில கொக்குகளும் தெரியும். ஒருபக்கக் கழியில் 58 ஏக்கரைச் சீரமைத்து 2011இல் திறந்த பூங்கா மட்டும் ஆறுதல்.

ஆனால் சென்னையின் பறவைக் கதை எழுதப்படும் இடம் இன்று பள்ளிக்கரணைதான்.

கழிவெளி என்பது அதன் பழைய பெயர். சதுப்பின் ஓரத்தில் இருக்கும் கைவேலி என்ற ஊர்ப்பெயரே கழிவெளியின் மரூஉ என்பார்கள். தென்சென்னையின் ஏரிகள் ஒன்று நிரம்பி ஒன்றுக்கு வழியவிட, கடைசியில் எல்லாத் தண்ணீரும் வந்து தேங்கும் தட்டு அது. அங்கிருந்து ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாய்க்கும் கோவளம் முகத்துவாரத்துக்கும் வடிகிறது. அரை நூற்றாண்டுக்கு முன்பு ஐம்பது சதுர கிலோமீட்டருக்கு மேல் பரவியிருந்ததாகச் சொல்லப்படும் அந்தச் சதுப்பு, இந்த நூற்றாண்டின் தொடக்கத்துக்குள் அதில் பத்தில் ஒரு பங்கு அளவுக்குச் சுருங்கிவிட்டது. எப்படிச் சுருங்கியது என்பதற்குத் துப்பறிய வேண்டியதில்லை, வேளச்சேரியிலிருந்து ஒரு பேருந்தில் ஏறினால் போதும். பறக்கும் ரயில் நிலையம், தகவல் தொழில்நுட்பப் பூங்கா, மத்திய அரசின் ஆய்வு நிறுவனங்கள், துரைப்பாக்கத்தையும் பல்லாவரத்தையும் இணைக்கும் இருநூறடி ரேடியல் சாலை, 200 ஏக்கருக்கும் மேல் விரிந்த பெருங்குடி குப்பைமேடு என வரிசையாக வரும். ஆக்கிரமிப்பு என்றதும் குடிசை போட்டவர் ஞாபகம்தான் நமக்கு வரும். இங்கே பெரிய பெரிய துண்டுகளைக் கடித்தது அரசின் கைதான்.

அதற்கு வழிவிட்டது ஒரு சொல். வருவாய்த்துறைப் பதிவேட்டில் கழிவெளிக்குக் கிடைத்த அடையாளம் தரிசு, புறம்போக்கு. புறம்போக்கு என்பது வரிக்கணக்குக்குப் புறத்தே விடப்பட்ட நிலம். மேய்ச்சலுக்கும் தண்ணீருக்கும் ஊர்ப்பொதுவில் விட்டுவைத்தது. அந்தச் சொல் வசவாக மாறிய கதையைத்தான் 2017இல் பாடகர் டி.எம். கிருஷ்ணா எண்ணூர்க் கழிமுகத்தில் நின்று பாடிய ‘சென்னைப் புறம்போக்குப் பாடல்’ சொன்னது. வரி தராத நிலம் வீண் நிலம், வீண் நிலம் காலி நிலம், காலி நிலத்தில் குப்பை கொட்டலாம். இந்தப் படிக்கட்டில் எந்தப் படியிலும் ஒரு அதிகாரி நின்று, ‘இங்கே என்ன இருக்கிறது?’ என்று பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டதாகத் தெரியவில்லை.

பார்த்தவர்கள் வேறு ஆட்கள். ரேடியல் சாலை நடைபாதையில் குளிர்கால விடிகாலைகளில் அவர்களைக் காணலாம். பின்னால் கன்டெய்னர் லாரிகள் உறுமிக்கொண்டு போக, கைப்பிடிச் சுவரில் முழங்கையை ஊன்றி, கண்ணில் பைனாகுலரை வைத்துக்கொண்டு நிற்பார்கள். எதிரே புகைமூட்டம் போன்ற பனி. குப்பைமேட்டின் மேலே கரும்பருந்துகள் வட்டமிடும். கொஞ்சம் கண் பழகியதும் பனிக்குள்ளிருந்து ஒவ்வொன்றாக வெளிப்படும். நெட்டைக் காலில் நடைபழகும் பவளக்காலி உள்ளான்கள், கோரைக்குள் பதுங்கிப் பதுங்கி வரும் நீலத் தாழைக்கோழி, கூட்டமாக மிதக்கும் ஊசிவால் வாத்துகள், தண்ணீரைத் தலைகீழாகச் சலித்துக் குடிப்பதுபோல் இரை வடிகட்டும் பூநாரைகள். சேற்றுப் பூனைப்பருந்து தாழப் பறந்து வந்தால் அத்தனையும் ஒரே மூச்சில் கிளம்பும். எதிரிலுள்ள கண்ணாடி அலுவலகத்தில் இரவுப்பணி முடிந்து வெளியே வருபவர்களில் இரண்டொருவர் நின்று, “என்னா சார் பாக்குறீங்க?” என்பார்கள். பைனாகுலர் கைமாறும். அப்புறம் ஒரு சின்ன மௌனம்.

இப்படிப் பார்த்து எழுதிய பட்டியல்கள்தான் சதுப்புக்கு ஒரு முகவரி வாங்கிக் கொடுத்தன. பகுதிவாசிகளும் ஆர்வலர்களும் பல ஆண்டு போராடிய பிறகு 2007இல் 317 ஹெக்டேர் காப்புக்காடாக அறிவிக்கப்பட்டது. 2022இல் 1,247 ஹெக்டேர் கொண்ட பள்ளிக்கரணை ராம்சர் தலமானது. தமிழ்நாட்டில் இன்று இருபது ராம்சர் தலங்கள் உள்ளன. இந்தியாவிலேயே இதுதான் அதிகம். பெருமையாகச் சொல்லிக்கொள்ளலாம். ஆனால் ராம்சர் என்பது ஈரநிலங்களுக்கான ஒரு பன்னாட்டு உடன்படிக்கை தரும் தகுதி. அது காவலுக்கு ஆள் போடாது, வேலி கட்டாது. பள்ளிக்கரணையின் ராம்சர் நிலத்தில் ஏறத்தாழ 700 ஹெக்டேர், பின்னர் விரிவாக்கப்பட்ட காப்புக்காட்டுக்குள் வருகிறது. மீதி 550 ஹெக்டேர் எந்த சர்வே எண்ணில் தொடங்கி எதில் முடிகிறது என்பதைத் தரையில் அளந்து காட்டும் வேலை ஆண்டுக்கணக்கில் இழுத்துக்கொண்டே போனது. அந்த இடைவெளியில்தான் மனைகளும் அனுமதிகளும் நுழைந்தன. 2025 செப்டம்பரில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு, அறிவியல் ஆய்வு முடிந்து எல்லை தெளிவாகும்வரை ராம்சர் பகுதியிலும் அதைச் சுற்றி ஒரு கிலோமீட்டரிலும் கட்டுமான அனுமதி தரக் கூடாது என்றது. அடுத்த மாதமே, எல்லைக்குள் வருவதாகச் சொல்லப்பட்ட ஒரு பெரிய அடுக்குமாடித் திட்டத்துக்குச் சென்னை உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. உடனே இன்னொரு குரலும் எழுந்தது. பல ஆண்டுகளாக அங்கே வீடு கட்டிக் குடியிருப்பவர்கள், மாடி எழுப்பவும் வங்கிக் கடன் வாங்கவும் முடியாமல் தவிக்கிறோம் என்றார்கள். அவர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. கோடு போட வேண்டியவர்கள் வேண்டிய காலத்தில் போட்டிருந்தால், அந்தக் குடும்பங்கள் அந்த மனையை வாங்கியே இருக்காது.

கோடு சரியாக விழுந்துவிட்டால் மட்டும் பறவை பிழைத்துவிடாது. கோட்டுக்குள் என்ன செய்கிறோம் என்பது அடுத்த தலைவலி. அதற்குப் பெயர் ‘அழகுபடுத்துதல்’.

ஒரு பவளக்காலி உள்ளானின் கால் ஏறக்குறைய ஒரு சாண் நீளம். அதற்கு மேல் ஆழமான தண்ணீர் அதற்குப் பயன்படாது. பொரி உள்ளானுக்கு அதுவும் அதிகம். கணுக்கால் நனையும் சேறு போதும். தட்டைவாயன் மேற்பரப்பை அலகால் அரித்துக்கொண்டே போகும். ஊசிவால் வாத்து தலையை உள்ளே விட்டு வாலை மேலே தூக்கி, கழுத்து எட்டும் ஆழம்வரை மேயும். முக்குளிப்பானும் நீர்க்காகமும் முழுசாக மூழ்கும். நீளவால் இலைக்கோழிக்கு மிதக்கும் இலைமேல் நடக்க வேண்டும். ஆக ஒரே ஏரியில் ஓரம் சேறாகவும், கொஞ்சம் தள்ளி ஒரு சாணாகவும், நடுவில் ஆள் ஆழமாகவும் சரிந்து சரிந்து இறங்கினால்தான் இத்தனை பேருக்கும் பந்தி நடக்கும். சென்னையைச் சுற்றி ஏரிகளைத் தூர்வாரும் விதத்தைப் பார்த்தால் இந்தச் சரிவுதான் முதல் பலி. பொக்லைன் இறங்கி, ஓரம் முதல் ஓரம்வரை ஒரே ஆழத்துக்குத் தோண்டி, எடுத்த மண்ணை உயரமான கரையாக்கி, அதற்குக் கருங்கல் பதித்து, மேலே நடைபாதை, அலங்கார விளக்கு, ‘ஐ லவ்’ என்று தொடங்கும் ஓர் ஊர்ப்பெயர்ப் பலகை. நடுவில் ஒரு வட்டத் தீவு. தண்ணீர் கொள்ளளவு கூடியிருக்கும், மறுப்பதற்கில்லை. திறப்பு விழாப் புகைப்படமும் நன்றாக வரும். ஆனால் அந்த ஏரி இப்போது ஒரு தொட்டி. நீந்தத் தெரிந்த நாலைந்து இனங்கள் இருக்கும், நடந்து மேயும் கூட்டம் வேறு இடம் பார்க்கும். அதற்கு வேறு இடம் இல்லை என்பதுதான் சிக்கல்.

கோரையையும் புதரையும் ‘களை’ என்று வெட்டித் தள்ளுவதும் இதே வகை. தாழைக்கோழி கூடு கட்டுவது அதற்குள்தான். பெரும்பாக்கம் ஏரி ஓரத்தில் வறண்ட மாதங்களில் தண்ணீர் வற்றி, எருமை மிதித்துக் குழப்பிய சேறு பரந்து கிடக்கும். பார்க்க அசிங்கமாக இருக்கும். பறவை நோக்கர்கள் வரிசைகட்டி நிற்பது அந்த அசிங்கத்துக்கு எதிரில்தான். நீர்வளத் துறைப் பொறியாளருக்கு ஒரு நாள் பைனாகுலர் கொடுத்து அங்கே நிறுத்தினால், அடுத்த திட்ட வரைபடம் வேறு மாதிரி வரும் என்று நம்ப இடமிருக்கிறது.

பறவை பார்த்தவர்களின் கணக்குக்கு அரசு காதுகொடுத்தது சிங்கப்பூரில் நடந்திருக்கிறது. நிலத்துக்கு அங்கே இருக்கும் தட்டுப்பாடு சென்னைக்குக் கனவிலும் வராது. 1986இல் பறவை நோக்கர்கள் சிலர், வடமேற்குக் கரையில் கைவிடப்பட்ட இறால் பண்ணைகளும் அலையாத்திப் புதரும் கிடந்த சுங்கை பூலோவில் வலசைப் பறவைகள் குவிவதைக் கண்டு, கணக்கெடுத்து, அரசுக்கு எழுதினார்கள். 1989இல் அது இயற்கைப் பூங்காவாகக் குறிக்கப்பட்டது, 1993இல் திறக்கப்பட்டது, 2002இல் சட்டப்படியான இயற்கை ஒதுக்ககமானது. மனுவின் பலம் உணர்ச்சியில் இல்லை, பட்டியலில் இருந்தது.

ஊர்கூடிப் பட்டியல் போடும் பழக்கம் இங்கே வந்து சேர்ந்தது சமீபத்தில்தான். ஆனால் வேகமாக வளர்ந்துவிட்டது. 2015 முதல் ஒவ்வொரு பொங்கல் விடுமுறையிலும் தமிழ்நாட்டில் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு நடக்கிறது. விதி எளிது. எங்கிருந்தாலும் சரி, குறைந்தது பதினைந்து நிமிடம் பார்த்து, கண்ட இனங்களையும் எண்ணிக்கையையும் இபேர்ட் (eBird) இணையதளத்தில் பதிய வேண்டும். மொட்டைமாடி போதும். கரும்பு கடித்துக்கொண்டே செய்யலாம். பாட்டி வீட்டுக்கு ஊருக்குப் போன பிள்ளைகள் வயலோரம் நின்று செய்வதும் உண்டு. நாடு முழுக்க முப்பதாயிரம் பேர் இப்படிப் பதிந்த மூன்று கோடிக்கும் மேற்பட்ட பதிவுகளை வைத்துத்தான் 2023இல் ‘இந்தியப் பறவைகளின் நிலை’ அறிக்கை 942 இனங்களை மதிப்பிட்டு, அவற்றில் 178 இனங்களுக்கு உடனடி அக்கறை தேவை என்றது. சம்பளம் வாங்காத இத்தனை பேர் சேர்ந்து நடத்திய தணிக்கை இந்த நாட்டில் வேறு எதற்காவது நடந்திருக்கிறதா என்று யோசிக்கலாம்.

பட்டியல், பிரியமான கட்டுக்கதைகளையும் கொஞ்சம் ஆட்டிப் பார்க்கும். சிட்டுக்குருவி என்றதும் செல்போன் கோபுரத்தை நோக்கி நீளும் விரலை ‘2.0’ படம் இன்னும் நீளமாக்கிவிட்டது. பறவையியலாளர் சலீம் அலியின் சாயலில் ஒரு பாத்திரத்தைச் செய்து, அதைக் கடைசியில் செல்போன்களாலான ராட்சதப் பறவையாகவும் ஆக்கினார்கள். சலீம் அலி இருந்திருந்தால் முதலில் ஆதாரம் கேட்டிருப்பார். ‘இந்தியப் பறவைகளின் நிலை’ வரிசையின் 2020 அறிக்கையின்படி நாடு முழுவதையும் சேர்த்துப் பார்த்தால் சிட்டுக்குருவியின் எண்ணிக்கை கால் நூற்றாண்டாக ஓரளவு நிலையாகவே இருக்கிறது. சென்னை உள்ளிட்ட ஆறு பெருநகரங்களில்தான் படிப்படியாகக் குறைகிறது. கோபுரம் கிராமத்திலும்தான் நிற்கிறது. நகரத்தில் இல்லாமல் போனது ஓடு வேய்ந்த கூரையின் சந்தும், மளிகைக் கடை வாசலில் சிந்திய தானியமும், முக்கியமாகப் பூச்சியும். பெரிய குருவி தானியத்தில் வாழ்ந்துவிடும். குஞ்சுக்குப் புழுவும் பூச்சியும்தான் ஊட்ட வேண்டும். மருந்தடித்த குரோட்டன்ஸ் வேலியில் எந்தப் புழு இருக்கும்? உலகச் சிட்டுக்குருவி நாளான மார்ச் 20 அன்று மரப்பெட்டிக் கூடு விநியோகிப்பதில் தப்பில்லை. பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு முருங்கை மரத்தையும் அதன் கம்பளிப்பூச்சியோடு சகித்துக்கொண்டால் இன்னும் நல்லது.

பறவை நோக்கர்களைப் புகழ்ந்தது போதும். அவர்கள்மீதும் குறை சொல்வதற்கு உண்டு. கேமரா விலை இறங்கியதிலிருந்து பார்ப்பவர் கூட்டத்தைவிடச் சுடுபவர் கூட்டம் பெருத்துவிட்டது. அபூர்வப் பறவை ஒன்று வந்த செய்தி பரவினால் அடுத்த ஞாயிறு முப்பது லென்ஸ்கள் அதை வளைத்து நிற்கும். செல்போனில் அதன் குரலைப் போட்டுக்காட்டி வெளியே இழுப்பது, கூட்டை மறைக்கும் கிளையை ஒதுக்கிப் படமெடுப்பது எல்லாம் நடக்கிறது. நன்மங்கலம் காப்புக்காட்டின் பழைய கல்குவாரிப் பாறையில் வாழும் கொம்பன் ஆந்தை பகலில் தூங்க வேண்டும். ‘இன்னும் ஒரே ஒரு ஃபிரேம்’ கேட்பவர்களுக்கு அது புரிவதில்லை. பட்டியலே வெறியாகிப் போனவர்கள் வேறு இனம். புதிதாக ஒரு இனத்தை டிக் அடிக்க ஆயிரம் கிலோமீட்டர் விமானத்தில் போவார்கள், வீட்டெதிரில் வேப்பமரம் வெட்டப்பட்டது தெரியாது. தவிர, பைனாகுலர் இல்லாத பல கண்கள் இவர்களைவிட அதிகம் பார்த்தவை. எண்ணூர் மீனவருக்குக் கூழைக்கடா எங்கே இறங்குகிறதோ அங்கே மீன் என்று தெரியும். அவர் கண்டது எந்தச் செயலியிலும் ஏறவில்லை.

அந்த எண்ணூரில்தான் 2023 டிசம்பரில், மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய்க் கசிவு கழிமுகத்தில் பரவியது. நெஞ்சும் வயிறும் பழுப்பேறிய கூழைக்கடாக்கள் படகுகளின் விளிம்பில் உட்கார்ந்து இறகு கோதிக்கொண்டே இருந்த படங்களை எல்லோரும் பார்த்தோம். எண்ணெய் படிந்த இறகு நீரைத் தடுக்காது, உடம்புச் சூட்டைக் காக்காது. கோதக் கோத எண்ணெய் வயிற்றுக்குள் போகும். வனத்துறையும் தன்னார்வலர்களும் பறவைகளைத் தேடிக்கொண்டிருந்த அதே நாட்களில், மீனவர்கள் வாளியாலும் வெறுங்கையாலும் எண்ணெயை அள்ளிக்கொண்டிருந்தார்கள். பறவையின் துயரமும் ஆளின் துயரமும் அங்கே ஒரே நிறத்தில் இருந்தன.

கண்ணாடிக் கட்டடத்தைப் பற்றியும் பேசியாக வேண்டும், பழைய மாமல்லபுரம் சாலையில் இனி எழுவதெல்லாம் அதுதான் என்பதால். 2023 அக்டோபரில் சிகாகோ நகரின் மக்கார்மிக் பிளேஸ் என்ற ஒரே கட்டடத்தில் மோதி ஒரே இரவில் ஏறத்தாழ ஆயிரம் வலசைப் பறவைகள் செத்து விழுந்தன. ஏரிக்கரை, வலசைப் பருவம், எரியும் விளக்கு, பெரிய கண்ணாடி: நான்கும் சேர்ந்த விளைவு. நிர்வாகம் அடுத்த ஆண்டு கண்ணாடி முழுக்கச் சிறு சிறு புள்ளிகள் கொண்ட படலத்தை ஒட்டியது. மோதல் சுமார் 95 சதவீதம் குறைந்தது. சதுப்புக்கரை, அக்டோபர், விளக்கு, கண்ணாடி என்ற நான்கும் பெருங்குடியிலும் துரைப்பாக்கத்திலும் அப்படியே உண்டு. அந்தப் படலம் ஒன்றும் ராக்கெட் விஞ்ஞானம் இல்லை. ஆள் இல்லாத தளங்களில் இரவு பதினொன்றுக்கு மேல் விளக்கை அணைக்கச் செலவே கிடையாது, மின்கட்டணம் மிச்சம். மும்பையில் 2024 மே மாதம் காட்கோபர் பக்கம் ஒரு விமானத்தில் மோதி 39 பூநாரைகள் இறந்தபோது, அவற்றின் தங்குமிடங்கள் சுருங்கியதாலா, விளக்குகளாலா, விமானப் பாதையாலா என்று வாதம் நடந்தது. வாதம் நடப்பதற்கு முன்பே செய்யக்கூடியது விளக்கை அணைப்பது.

இரை போடுபவர்களைப் பற்றி ஒரு வரி. ராயப்பேட்டை மொட்டைமாடியில் ஆயிரக்கணக்கான பச்சைக்கிளிகளுக்கு அரிசி வைத்த கேமரா பழுதுபார்ப்பவரை ஊரே அறியும். அந்த அன்பில் குறை காண மனம் வராது. ஆனால் அதே கைப்பிடி அரிசி மாடப்புறாவுக்குப் போகும்போது கதை வேறு. நாட்டில் எண்ணிக்கை பெருகிவரும் மிகச் சில பறவைகளில் அதுவும் ஒன்று. எச்சத்தால் நுரையீரல் நோய் வரும் என்று மும்பையில் 2025இல் புறாக்கூடங்களை மூடியபோது தெருவில் போராட்டமே நடந்தது. புண்ணியம் தேட நினைப்பவர் மண்சட்டியில் தண்ணீர் வைத்தால் போதும். அதை மூன்று நாளுக்கு ஒருமுறை கழுவவும் வேண்டும்.

அரசிடம் கேட்க வேண்டியது அதிகமில்லை. பள்ளிக்கரணையின் எல்லைக்கல்லை ஊன்றி, சர்வே எண்களைப் பொதுவில் வெளியிட வேண்டும். ஏரி சீரமைப்பு ஒப்பந்தப்புள்ளியில் கரைச் சரிவின் அளவை ஒரு நிபந்தனையாகச் சேர்க்க வேண்டும். வடகிழக்குப் பருவமழைக்கு முன் கிளை வெட்டும் வண்டியோடு, வக்காவும் கொக்கும் கூடு கட்டிய மரம் எது என்று சொல்லத் தெரிந்த ஒருவரை அனுப்ப வேண்டும். நீர்நிலைக்கு அருகே எழும் எந்தக் கட்டடத்தின் அனுமதிக் கோப்பிலும் அந்த இடத்தின் ஓராண்டுப் பறவைப் பட்டியல் ஒரு இணைப்பாக இருக்க வேண்டும். பட்டியலைத் தயாரிக்க ஆள் தேட வேண்டியதில்லை, அது ஏற்கெனவே இருக்கிறது. பூங்காக்களில் ஒரு மூலையையாவது கூட்டாமல் விட வேண்டும். இந்தக் கடைசிக் கோரிக்கைக்குத்தான் எதிர்ப்பு பலமாக வரும். பாம்பு வந்துவிடும் என்பார்கள்.

இன்னொன்றையும் ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும். பொங்கலன்று ரேடியல் சாலையில் பைனாகுலரோடு நிற்பவர்களில் கணிசமானோர் நடந்தே வந்தவர்கள். சதுப்பில் மண் கொட்டி எழுப்பிய அடுக்குமாடிகளில்தான் அவர்கள் வீடு. மனை விளம்பரத்தில் ‘லேக் வியூ’ என்று போட்டு, பறக்கும் கொக்குகளின் படமும் அச்சிட்டு விற்றார்கள், இவர்கள் இருபது வருடக் கடனில் வாங்கினார்கள். பன்னிரண்டாம் மாடிப் பால்கனியிலிருந்து ஊசிவால் வாத்தை எண்ணும்போது அது அவர்களுக்கு உறுத்தாமல் இருக்காது.

பெருமழை பெய்யும் ஆண்டுகளில் கீழே தரைத்தளத்தில் முழங்கால் அளவுக்குத் தண்ணீர் ஏறிவிடும். இரவெல்லாம் மோட்டார் ஓடும். காலையில் பால் வாங்கக் கால்சட்டையைச் சுருட்டிக்கொண்டு இறங்கி வருபவர், வரிசையாக நிற்கும் கார்களில் ஒன்றின் மேல் குருட்டுக்கொக்கு ஒன்றைப் பார்ப்பார். மண்நிறத்தில், கழுத்தைத் தோளுக்குள் இழுத்துக்கொண்டு, அசையாமல் நிற்கும். அவர் நாலடி தள்ளி நின்றாலும் நகராது. பார்வை முழுக்கக் கீழே, காரின் சக்கரத்தைச் சுற்றி அலையும் தண்ணீரில். அதில் கெண்டைக்குஞ்சுகள் வந்திருக்கும்.